நாலு தலைப்பு பிறந்த கதை

"மிதக்குது சார்" என்றாள் அந்தப் பெண்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டு அடுப்படி. எவர்சில்வர் சட்டி நிறையத் தண்ணீர். அதன் மேல் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு பேண்டேஜ் துணி. முதல் நாள்தான் தறியிலிருந்து அறுத்தது. ராஜபாளையத்தை ஒட்டிய சத்திரப்பட்டியில் அவளுடைய அப்பா ஓட்டும் விசைத்தறியில் நெய்தது. வலை மாதிரி கண் கண்ணாக இருக்கிற துணி, போட்டதும் முங்கிவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். முங்கவில்லை. ஐந்து நிமிஷம் பார்த்தோம், வாழையிலைக் கிழிசல் போல மேலேயே கிடந்தது. பிறகு மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய காஸ் துணியை அதே அளவில் வெட்டிப் போட்டாள். நான் சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்ப்பதற்குள் அது சட்டியின் அடியில் இருந்தது.

பருத்தி இழையின் மேல் இயற்கையாகவே மெல்லிய மெழுகு படிந்திருக்கும். போதாததற்கு, தறியில் அறுந்துபோகாமல் இருக்கப் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டிருப்பார்கள். காரத்தில் வேகவைத்து வெளுத்தால்தான் அந்த மெழுகு போகும், துணி ரத்தத்தைக் குடிக்கும். மருத்துவப் பஞ்சைத் தண்ணீரில் போட்டால் 10 நொடிக்குள் முங்க வேண்டும் என்று மருந்துத் தர நூல்களில் விதியே இருக்கிறது. சத்திரப்பட்டியிலும் சமுசிகாபுரத்திலும் தெருவில் நடந்தால் காதில் விழும் தறிச் சத்தம் பெரும்பாலும் இந்தத் துணியின் சத்தம்தான். எந்த ஊர் ஆஸ்பத்திரியில் யாருடைய காயத்தைச் சுற்றப்போகிறது என்பது நெய்கிறவருக்குத் தெரியாது. அவருக்கு அது மீட்டர் கணக்கு.

அந்தப் பெண் நுண்ணுயிரியல் எம்.எஸ்ஸி. படிக்கிறாள். தறித் துணியை வீட்டிலேயே மெழுகெடுக்க முடியுமா, சோடா உப்பு, சலவை சோப்பு, பூந்திக்கொட்டை மூன்றில் எது நன்றாக எடுக்கிறது என்பது அவள் ஆய்வு. சின்னக் கேள்விதான், ஆனால் நல்ல கேள்வி. அதை 14 பக்கத்துக்கு எழுதிக்கொண்டு வந்திருந்தாள். முதல் பக்கத்தில் பழங்கால மருத்துவர் சுஸ்ருதர். இரண்டாம் பக்கத்தில் நூல் விலையும் கரண்ட் பில்லும். நடுவில் ஒரு நாள் சட்டி அடிப்பிடித்த கதை. அப்பா விரலை வெட்டிக்கொண்டபோது தான் வேகவைத்த துணியைக் கட்டி ரத்தம் நின்ற கதை. எந்தத் துணி எத்தனை நொடியில் முங்கியது என்கிற கணக்கு 11ஆம் பக்கத்தில் ஒரு மூலையில். எப்படி வேகவைத்தாள் என்பதற்கு ஒரே வரி, 'துணியை நன்றாக வேகவைத்து' என்று.

"நன்றாகன்னா எவ்வளவு நேரம்மா?"

"நல்லா வேகுற வரைக்கும் சார்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அவளைப் பார்த்து இல்லை. பல வருஷத்துக்கு முன்னால் நான் அனுப்பிய முதல் கட்டுரையில் 'வழக்கமான முறையில் சோதிக்கப்பட்டது' என்று எழுதியிருந்தேன். திரும்பி வந்தது. ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி மட்டும்: யாருடைய வழக்கம்?

"முன்னுரை, செய்முறை, முடிவுகள், விவாதம்னு நாலு தலைப்பு போடச் சொல்றாங்க சார். நடந்தது ஒண்ணு, இப்படி வெட்டி வெட்டிப் போட்டா வேற மாதிரி ஆயிடுது. யார் சார் கண்டுபிடிச்சது இதை?"

தனி ஒருவர் கண்டுபிடித்ததில்லை. சுமார் 300 வருஷம் ஆயிற்று. ஆனால் கதையைத் தொடங்க எனக்குப் பிடித்த இடம் ஒரு துணிக்கடை.

ஹாலந்தில் டெல்ஃப்ட் என்ற ஊர். அந்தோனி வான் லேவன்ஹூக் என்ற துணி வியாபாரி. துணியின் தரம் பார்க்க இழைகளை எண்ண வேண்டும், அதற்கு லென்ஸ் வேண்டும். இன்றைக்கும் துணி வாங்க வருகிறவர்கள் சட்டைப்பையில் ஒரு சின்ன லென்ஸ் வைத்திருப்பதை ராஜபாளையத்தில் பார்க்கலாம். லேவன்ஹூக்குக்கு எண்ணுவதோடு ஆசை அடங்கவில்லை. தானே லென்ஸ் தேய்க்கக் கற்றுக்கொண்டு கண்ணில் பட்டதையெல்லாம் அதன் கீழே வைத்தார். மிளகு ஏன் காரமாக இருக்கிறது என்று ஒரு சந்தேகம். 1663இல் கொச்சியையே பிடித்துவிட்ட டச்சுக்காரர்களுக்கு மிளகுக்கா பஞ்சம்? மிளகைத் தண்ணீரில் ஊறவைத்து, வாரக்கணக்கில் விட்டு, அந்தத் தண்ணீரைப் பார்த்தார். துளிக்குள் எண்ணற்ற உயிர்கள் நெளிந்தன. 1676 அக்டோபர் 9 தேதியிட்டு லண்டன் ராயல் சொசைட்டி என்ற விஞ்ஞானச் சபைக்கு டச்சு மொழியில் நீளமான கடிதம் எழுதினார். மனிதக் கண் பாக்டீரியாவைப் பார்த்த செய்தி அதில்தான் இருந்தது.

அதை வாங்கிப் படித்தவர் சொசைட்டியின் செயலாளர் ஹென்றி ஓல்டன்பர்க். 1665 மார்ச் 6ஆம் தேதி 'ஃபிலசாஃபிகல் டிரான்சாக்‌ஷன்ஸ்' என்ற பத்திரிகையைத் தொடங்கியவர். அதற்கு இரண்டு மாதம் முன்பே பாரிசில் ஒரு பத்திரிகை வந்துவிட்டது என்றாலும், விஞ்ஞானத்துக்கென்றே வந்தது இதுதான். அதில் வந்தவை பெரும்பாலும் கடிதங்கள். ஐயா, இன்ன தேதியில் இதைப் பார்த்தேன், மறுநாள் மழை, அதற்கடுத்த நாள் இப்படி ஆயிற்று என்று நடந்த வரிசையில் போகும். நம் பெண்ணின் 14 பக்கத்தை ஓல்டன்பர்க் சந்தோஷமாக அச்சில் ஏற்றியிருப்பார்.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. ஒரு துளித் தண்ணீரில் லட்சக்கணக்கான பிராணி என்று ஒரு துணி வியாபாரி சொல்கிறார், யார் நம்புவது? எப்படிப் பார்த்தீர் என்று கேட்டால், தன்னுடைய நல்ல லென்ஸ்களின் ரகசியத்தை அவர் வெளியே விடுவதாயில்லை. அதற்குப் பதிலாக ஊரில் மதிப்பான எட்டுப் பேரைக் கூப்பிட்டுக் காட்டி, ஆமாம் நாங்களும் பார்த்தோம் என்று எழுதி வாங்கி அனுப்பினார். பாதிரியார் முதலான பெரிய மனிதர்கள். பஞ்சாயத்தில் சாட்சி வைப்பது போலத்தான். லண்டனில் ராபர்ட் ஹூக் தானே லென்ஸ் செய்து, மிளகுத் தண்ணீர் ஊறவைத்து, தோற்று, மறுபடி முயன்று, 1677 நவம்பரில் அந்தப் பிராணிகளைப் பார்த்துச் சபைக்கும் காட்டினார். அன்றைக்குத்தான் லேவன்ஹூக் பிழைத்தார். எட்டுப் பேர் கையெழுத்து செய்யாததை இன்னொருவர் திரும்பச் செய்து பார்த்தது செய்தது.

நாலு தலைப்பில் இரண்டாவதான 'செய்முறை'க்கு விதை இங்கேதான் விழுந்தது என்பது என் எண்ணம். அது முளைக்க ரொம்ப நாள் ஆயிற்று, ஏனென்றால் கைத்தொழில் தெரிந்தவன் யாரும் லேசில் வழியைச் சொல்லமாட்டான். எங்கள் ஊர்ப் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அடுப்பங்கரையில் நிற்கும் மாஸ்டரிடம் எவ்வளவு நேரம் கிண்ட வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். பதம் வந்தால் தெரியும் என்பார். அவர் ஒன்றும் மறைக்கவில்லை, அவருக்குத் தெரிந்தது அவர் கையில் இருக்கிறது. அதற்குக் கைப்பக்குவம் என்று நம்மிடம் அழகான சொல் இருக்கிறது. பால்கோவாவுக்கு அது பெருமை. ஆய்வுக் கட்டுரைக்கு அதுதான் எமன். 'நல்லா வேகுற வரைக்கும்' என்பது கைப்பக்குவம். 'இரண்டு லிட்டர் தண்ணீரில் 20 கிராம் சோடா உப்பு, கொதி வந்தபின் 40 நிமிஷம்' என்பது செய்முறை. பின்னதை வைத்துக்கொண்டு சத்திரப்பட்டியைப் பார்த்தே இராத ஒருவர் அதே துணியை முங்கவைக்கலாம், முங்காவிட்டால் உங்களைக் கேள்வி கேட்கலாம்.

வழியை விரித்து எழுதும் பழக்கத்தை லூயி பாஸ்டர் தலையில் கட்டுகிறவர்கள் உண்டு. அழுகிய பொருளிலிருந்து உயிர் தானாகவே பிறக்கிறது என்று சாதித்தவர்களோடு 1860களில் அவர் மல்லுக்கு நின்றார். அன்னக் கழுத்துக் குடுவையை எப்படி வளைத்தேன், அதிலிருந்த சாற்றை எப்படிக் கொதிக்கவைத்தேன் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். எதிரிக்கு நம்பிக்கையில்லை என்றால் செய்து பார்த்துக்கொள்ளட்டும் என்கிற தைரியம் அது. இருந்தாலும் சாட்சி வைக்கும் பழக்கம் சட்டென்று போய்விடவில்லை. 1897 ஆகஸ்ட் 20ஆம் தேதி செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ், மலேரியா நோயாளியின் ரத்தம் குடித்த கொசுவின் வயிற்றுச் சுவரில் கருநிறத் துகள் கொண்ட உயிரணுக்களைக் கண்டார். டிசம்பர் 18இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரை வந்தது. பார்த்தது இரண்டே கொசுவில் என்பதைத் தலைப்பிலேயே போட்டிருந்தார். அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு. கூடவே இன்னொரு ராணுவ மருத்துவரின் குறிப்பும் அச்சாகியிருந்தது. ராஸின் கண்ணாடிச் சில்லுகளைத் தானும் பார்த்ததற்கான சாட்சி அது. 220 வருஷம் கழித்தும் லேவன்ஹூக்கின் எட்டுப் பேருக்கு வாரிசு இருந்தது.

விடையை மட்டும் சொல்லி வழியை விட்டுவிடும் மகா மேதை நமக்கே ஒருவர் உண்டு. ராமானுஜன் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, விடையை மட்டும் நோட்டில் எழுதினார், காகிதம் வாங்கக் காசில்லை. கேம்பிரிட்ஜ் கணிதர் ஹார்டி அவரிடம் ஓயாமல் கேட்டது நிரூபணத்தைத்தான். கணிதத்தில் அதைப் பின்னால் வருகிறவர்கள் போட்டுக்கொள்ளலாம், இன்றுவரை போட்டுக்கொண்டும் இருக்கிறார்கள். மருத்துவத்தில் முடியாது. போன வருஷம் மருந்து சாப்பிட்ட நோயாளியை, எப்படிக் கொடுத்தார்கள் என்று எழுதிவைக்காவிட்டால், யார் திரும்பப் பிறப்பிப்பது?

இப்போது கதை ஒரு காசநோயாளியிடம் போகிறது. ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் முதல் உலகப்போரில் விமானி. ஏஜியன் கடல் பக்கம் போனவருக்குக் காசம் பிடித்தது. இரண்டு வருஷத்துக்குக் கிட்டத்தட்டப் படுக்கை. டாக்டருக்குப் படிக்கும் ஆசை போயிற்று, படுத்தபடியே தபால் வழியில் பொருளாதாரம் படித்தார். அந்த வழியாகப் புள்ளியியலுக்கு வந்து, பிறகு மருத்துவர்களுக்கே கணக்குச் சொல்லிக்கொடுத்தார். காசத்துக்கு ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து வந்த சமயம் இங்கிலாந்தில் எல்லாருக்கும் கொடுக்க மருந்து இல்லை. அந்தப் பற்றாக்குறையையே ஒரு நேர்மையான சோதனையாக மாற்றினார்கள். 107 நோயாளிகள். யாருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும், யாருக்கு ஓய்வு மட்டும் என்பதை டாக்டர் தீர்மானிக்கவில்லை, முத்திரையிட்ட உறைக்குள் இருந்த எண்கள் தீர்மானித்தன. கோயிலில் பூக்கட்டிப் போட்டு ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வோமே, அந்த நியாயம்தான். டாக்டருக்குப் பிடித்தவர், பிழைப்பார் என்று தோன்றுகிறவர் ஒரு பக்கமாகச் சேர்ந்துவிடக் கூடாது. ஆறு மாதத்தில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும் பெறாத 52 பேரில் 14 பேரும் இறந்திருந்தார்கள். 1948 அக்டோபர் 30இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த அந்த அறிக்கையில், முடிவுக்குக் கொடுத்த மரியாதையைவிட ஆட்களை எப்படிப் பிரித்தோம் என்பதற்குக் கொடுத்த மரியாதை அதிகம் என்று எனக்குத் தோன்றும். எக்ஸ்ரே படங்களைப் பார்த்து மதிப்பிட்டவர்களுக்கு எந்தப் படம் எந்தக் குழு என்று சொல்லவில்லை என்பது உட்பட எழுதியிருந்தார்கள்.

இதற்கடுத்த அத்தியாயம் மெட்ராஸில் நடந்தது. நம் பள்ளிப் பாடப் புத்தகங்களில் இது ஏன் இல்லை என்று எனக்கு ரொம்ப நாள் வருத்தம்.

1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மெட்ராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து மெட்ராஸில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். வாலஸ் ஃபாக்ஸ் என்ற மருத்துவர் லண்டனிலிருந்து வந்து தங்கினார். அந்தக் காலத்தில் காசம் என்றால் சானடோரியம். நல்ல காற்று, முழு ஓய்வு, பால், முட்டை. மின்சார ரயிலில் தாம்பரம் சானடோரியம் என்று நிறுத்தம் வருகிறதே, 1928இல் டாக்டர் சவுரிமுத்து தொடங்கிய இடம் அது. இந்தியாவில் நோயாளிகளோ பல லட்சம், படுக்கைகளோ ஆயிரக்கணக்கில்தான். மையம் கேட்ட கேள்வி இவ்வளவுதான்: மாத்திரையைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் என்ன ஆகும்?

கேள்வி சின்னது, எதிரே நின்ற நம்பிக்கை மலை மாதிரி. சந்துக்குள் ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் படுக்கும் வீடு, அரைவயிற்றுச் சாப்பாடு, ஓய்வே இல்லாத பிழைப்பு. அங்கே போய் காசம் குணமாகுமா? குணமாகாதது போகட்டும், வீட்டிலிருக்கும் குழந்தைகளுக்கு ஒட்டிக்கொள்ளாதா?

193 நோயாளிகளை எடுத்து, இதே பூக்கட்டிப் போடும் நியாயத்தில் ஒரு பாதியை சானடோரியத்துக்கும் ஒரு பாதியை வீட்டுக்கும் அனுப்பினார்கள். இரு பக்கத்துக்கும் ஒரே மருந்துகள், ஐசோனியசிடும் பாஸ் (PAS) என்பதும், ஒரு வருஷம். வீட்டில் இருப்பவர் மாத்திரையை முழுங்குகிறாரா, குப்பையில் போடுகிறாரா? அதற்கும் வழி வைத்தார்கள். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள். சிறுநீர் வாங்கிச் சோதித்தார்கள். வருஷக் கடைசியில் சானடோரியத்தில் 92 சதவீதம் பேருக்கும், வீட்டில் 86 சதவீதம் பேருக்கும் கிருமி அடங்கியிருந்தது. வீட்டுக்காரர்களின் சாப்பாடும் ஓய்வும் கடைசி நாள் வரை மோசமாகவே இருந்தும் இந்த முடிவு. குடும்பத்தாரைத் தொடர்ந்து பார்த்ததில், நோயாளி வீட்டில் இருந்ததால் அவர்களுக்கு நோய் கூடுதலாக வந்ததாகவும் தெரியவில்லை.

இதை உலகத்தின் மார்புநோய் மருத்துவர்கள் நம்ப வேண்டும். அவர்களில் பலர் வாழ்நாளெல்லாம் சானடோரியம் நடத்தியவர்கள். சாட்சிக்கு எட்டுப் பெரிய மனிதரைக் கூப்பிட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் புல்லட்டினில் அறிக்கை வந்தது, 51ஆம் பக்கத்திலிருந்து 144ஆம் பக்கம் வரை. யாரைச் சேர்த்தோம், யாரைச் சேர்க்கவில்லை, எப்படிப் பிரித்தோம், என்ன அளவு கொடுத்தோம், மருந்தைச் சாப்பிட்டார்களா என்று எப்படிப் பார்த்தோம், வீட்டில் என்ன சாப்பிட்டார்கள், யார் நடுவில் இறந்தார்கள் என்று 94 பக்கம். அடுப்படிக் கதவை அகலத் திறந்துவைத்து, வந்து பார்த்துக்கொள் என்றார்கள். மறுக்க நினைத்தவர் எந்தப் படியில் தவறு என்று காட்ட வேண்டியிருந்தது. அடுத்து வந்த வருஷங்களில் நாடு நாடாகக் காசநோயாளிகள் வீட்டிலிருந்தபடி குணமாகத் தொடங்கினார்கள், சானடோரியங்கள் காலியாயின.

இவ்வளவு நடந்தும் பெரும்பாலான மருத்துவக் கட்டுரைகள் அப்போது கடித நடையிலிருந்து முழுக்க வெளியே வரவில்லை. பிரேசிலைச் சேர்ந்த இருவர் 2004இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். நான்கு பெரிய மருத்துவப் பத்திரிகைகளை 1935 முதல் 1985 வரை ஐந்தைந்து வருஷ இடைவெளியில் எடுத்துப் பார்த்ததில், 1935இல் இந்த நாலு தலைப்புகளோடு முழுமையாக வந்த கட்டுரை ஒன்றுகூட இல்லை. இரண்டாம் உலகப்போருக்குப் பின் மெல்ல ஏறி, 1985இல் எல்லாக் கட்டுரையும் அப்படியே. இதற்குக் காரணம் தத்துவம் எதுவுமில்லை, கூட்டம். போருக்குப் பின் ஆராய்ச்சிப் பணம் பெருகி, கட்டுரைகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. ஆசிரியருக்கும் படிப்பவருக்கும் நேரமில்லை. எது எங்கே இருக்கும் என்று தெரிந்தால் வேண்டியதை மட்டும் பார்த்துவிட்டுப் போகலாம்.

அந்தச் சமயத்தில், 1965இல், பிராட்ஃபோர்ட் ஹில் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். படிப்பவருக்கு வேண்டியது நாலு கேள்விக்குப் பதில் என்றார். ஏன் தொடங்கினாய், என்ன செய்தாய், என்ன கிடைத்தது, அதற்கு என்னதான் அர்த்தம்? முன்னுரை, செய்முறை, முடிவுகள், விவாதம் என்று விறைப்பாக நிற்கிற தலைப்புகளுக்குள்ளே இருக்கும் மனிதப் பேச்சு இதுதான். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து இம்ராட் என்று அதற்குப் பேர் வைத்தார்கள். 1972இல் அமெரிக்கத் தர நிறுவனம் அதை விதியாக்கியது. 1978 ஜனவரியில் கனடாவின் வான்கூவரில் மருத்துவப் பத்திரிகை ஆசிரியர்கள் சிலர் கூடி, எங்களுக்குக் கட்டுரை அனுப்பினால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஒத்துப்பேசினார்கள். ஆளுக்கொரு விதி வைத்து, திருப்பி அனுப்பிய கட்டுரையை மறுபடி டைப் அடிக்கவைத்த கொடுமைக்கு ஒரு முடிவு வந்தது.

"அப்ப நடந்த வரிசையில எழுதினா பொய்யா சார்?" என்றாள்.

இதே சண்டையைப் போட்டவர் ஒருவர் இருந்தார், 1960இல் நோபல் பரிசு வாங்கிய பீட்டர் மெடாவர். 1963இல் பி.பி.சி. வானொலியில் பேசும்போது, விஞ்ஞானக் கட்டுரை ஒரு மோசடியா என்று கேட்டார். நாம் முதலில் வெறும் மனதோடு கவனித்து, பிறகு கடைசியில்தான் யோசித்ததுபோல் இந்த வடிவம் பாசாங்கு செய்கிறது, உண்மையில் ஊகம் முதலில் வருகிறது என்பது அவர் வாதம். விவாதத்தை முதலில் வை என்றார். அவர் சொன்னது சரிதான். யாரும் கேட்கவில்லை. சட்டி அடிப்பிடித்தது, அப்பா திட்டியது, துணி மிதந்ததைப் பார்த்து முதலில் சந்தேகம் வந்தது எல்லாம் நிஜம். ஆனால் அது அவளுக்கு நடந்த வரிசை. படிக்கிறவனுக்கு வேண்டிய வரிசை வேறு. வாட்சனும் கிரிக்கும் 1953 ஏப்ரலில் டி.என்.ஏ. வடிவத்தை ஒரு பக்கத்துக்குக் கொஞ்சம் மேலாக, நாலு தலைப்பு எதுவும் இல்லாமல் எழுதினார்கள். உன் கையிலும் அப்படி ஒன்று இருந்தால் தலைப்பே வேண்டாம், போ என்றேன். சிரித்துவிட்டு நோட்டை எடுத்தாள்.

முதலில் அடித்தது அப்பாவின் விரல். மனிதக் காயத்தில் ஒன்றைக் கட்டிப் பார்த்தேன் என்று எழுதினால், எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது, அவர் சம்மதம் எங்கே என்று கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். மருந்துச் சோதனை என்றால் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிய வேண்டும் என்பது 2009 முதல் கட்டாயம். அடுத்து சுஸ்ருதர். அவர்மேல் எனக்கும் பக்திதான், ஆனால் பருத்தி மெழுகைப் பற்றிய கட்டுரையில் அவர் வருவதற்கு நன்னூல்காரர் வைத்த பெயர் மற்றொன்று விரித்தல். பவணந்தி முனிவர் பாயிரத்துக்கு எட்டுப் பொருள் சொல்கிறார். எழுதியவர் யார், எந்த வழியில் வந்தது, எல்லை எது, நூலுக்குப் பெயர் என்ன, எதைப் பற்றியது, யார் கேட்க, என்ன பயன் என்று போகும். முன்னுரைக்கு அதைவிட நல்ல சோதனைப் பட்டியலை எந்த வெளிநாட்டுப் பத்திரிகையிலும் நான் பார்க்கவில்லை. குறிப்பாக எல்லை, அவர் நிலத்துக்குச் சொன்னதை நான் அறிவுக்கு எடுத்துக்கொள்கிறேன். எது வரைக்கும் தெரிந்தது, எங்கே தெரியாமல் நிற்கிறது, அந்த இடத்தில் என் கேள்வி. முன்னுரை அதோடு முடிந்தது.

எழுதும்போது முன்னுரையில் தொடங்காதே என்றும் சொன்னேன். செய்முறையை முதலில் எழுது, கை இன்னும் ஈரமாக இருக்கும்போதே. பிறகு அட்டவணைகள், அதையொட்டி முடிவுகள். முடிவுகளில் உன் அபிப்பிராயம் ஒரு சொல் வரக் கூடாது, 'ஆச்சரியமாக' என்றுகூட. கெட்டுப்போன துணிகளின் எண்ணிக்கையையும் போடு. விவாதம் முதல் வரியிலேயே கண்டுபிடித்ததைச் சொல்லட்டும், பிறகு மற்றவர்கள் கண்டதோடு ஒப்பிட்டு, உன் சோதனையின் குறையை நீயே சொல்லிவிடு, மற்றவர் சொல்வதற்குள். முன்னுரை அதற்குப் பின்னால். சுருக்கமும் தலைப்பும் கடைசியில், அவற்றை மட்டும்தான் பாதிப் பேர் படிக்கப்போகிறார்கள். முழுதாகப் பார்த்தால் உடுக்கை மாதிரி இருக்கும். முன்னுரை அகலமாகத் தொடங்கிக் குறுகும், செய்முறையும் முடிவுகளும் அந்த இடுப்பு, விவாதம் மறுபடி அகலும்.

14 பக்கம் நாலரைப் பக்கமானது. செய்முறையில் மட்டும் ஓர் ஓட்டை. எந்தத் துணி? பேண்டேஜ் துணி என்றிருந்தது. எத்தனையாம் நம்பர் நூல், இஞ்சுக்கு எத்தனை இழை என்று அவளுக்குத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து அந்தத் தறிச் சத்தத்தில் தூங்கியவள், இதை ஒருநாளும் அப்பாவிடம் கேட்டதில்லை.

அவளைக் கூட்டிப்போக சாயங்காலம் அப்பாவே பைக்கில் வந்தார். உள்ளே வராமல் நடையில் நின்றவரிடம் கேட்டேன். துணியை வாங்கிக் கையில் பிடித்துக்கூடப் பார்க்கவில்லை. "40ஆம் நம்பர் நூல் ஐயா. இஞ்சுக்குப் பாவு 19, ஊடை 15" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, இதில் என் பேரும் வருமா என்று கேட்டார். நன்றி சொல்கிற இடத்தில் வரும் என்றேன்.

செய்முறையின் முதல் வரி இப்போது அவர் சொன்னதுதான்.